மூன்று வயது மகளின் பிறந்தநாள்: மண்டபமா, வீடா?

கேள்வி: கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். வரும் மே மாதம் என் மகளுக்கு மூன்று வயது நிறைகிறது. சென்ற ஆண்டு மண்டபம் பிடித்து ஊரையே அழைத்திருந்தோம். கேக் வெட்டும்போது பக்கத்தில் பார்ட்டி பாப்பரை வெடித்ததும் மிரண்டு அழத் தொடங்கியவள், கடைசிவரை என் தோளை விட்டு இறங்கவில்லை. இந்த ஆண்டு வீட்டிலேயே சிறிய அளவில் செய்ய விரும்புகிறேன். மாமியார், நட்சத்திரம் பார்த்துக் கோயிலுக்குப் போய்விட்டு உறவினர் அனைவரையும் அழைக்க வேண்டும் என்கிறார். மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கணவரோ பலூன் வளைவு, பாப்கார்ன், பஞ்சு மிட்டாய், ஸ்னோ ஸ்பிரே எல்லாம் சேர்ந்த ஒரு பேக்கேஜுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறார். எத்தனை பேரை அழைப்பது, என்ன சாப்பாடு, எதிலெல்லாம் கவனம் வேண்டும் என்று சொல்லுங்கள் டாக்டர்.
– ஒரு தாய், கோவை.

பதிலளிப்பவர்: குழந்தை நல மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

சென்ற ஆண்டு உங்கள் மகள் அழுததில் அவள்மீது குறை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் எதிர்பாராத வெடிச்சத்தம் கேட்டால் உடல் தூக்கிப்போடும், நெஞ்சு படபடக்கும். இது வேடிக்கைக்காக எழுப்பிய சத்தம் என்று தன்னையே தேற்றிக்கொள்ளும் பக்குவம் அந்த வயதில் வருவதில்லை. பழகாத முகங்களும், கண்ணைக் கூசும் விளக்குகளும், தூக்கம் தவறிய களைப்பும் அதோடு சேர்ந்துகொண்டால் எந்தக் குழந்தையும் தாயின் தோளைத்தான் தேடும். உறவினர் யாராவது அதற்குப் பிடிவாதம் என்றோ கூச்ச சுபாவம் என்றோ பெயர் வைத்திருந்தால், அதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். வீட்டிலேயே செய்வது என்ற உங்கள் எண்ணம் சரியானது.

அதற்காக உங்கள் மாமியாரின் ஆசையைத் தள்ளிவிட வேண்டியதும் இல்லை. பேத்தியை நாலு பேர் கூடி வாழ்த்த வேண்டும் என்று ஒரு பாட்டி நினைப்பது இயல்பு. அந்த வாழ்த்தும் குழந்தையின் விளையாட்டும் ஒரே மாலையில், ஒரே கூடத்தில் நடந்தாக வேண்டும் என்று நாம் நினைப்பதால்தான் சிக்கல் வருகிறது. இரண்டையும் பிரித்துக்கொள்ள நம் வழக்கத்திலேயே வழி இருக்கிறது. பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளும் ஆங்கிலத் தேதியும் பெரும்பாலும் ஒரே நாளில் அமைவதில்லை. நட்சத்திரப் பிறந்தநாளை முழுக்க மாமியாரிடம் ஒப்படைத்துவிடுங்கள். காலையில் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் ஆரத்தி, உறவினருக்குப் பாயசத்தோடு மதியச் சாப்பாடு என்று அவர் விருப்பப்படியே நடக்கட்டும். அது பெரியவர்களின் விழா என்பதால் குழந்தை எல்லோருக்கும் நடுவில் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆசீர்வாதம் வாங்கியதும் உள்ளறையில் தூங்கப் போய்விடலாம். ஆங்கிலத் தேதியன்று மாலையை மகளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாலைக்கு, அவளுக்கு ஏற்கெனவே நன்றாகப் பழகிய ஐந்தாறு குழந்தைகள் போதும். ஒவ்வொரு குழந்தையோடும் தாயோ தந்தையோ ஒருவர் வந்தாலே பன்னிரண்டு பேர் ஆகிவிடும். உங்கள் வீட்டாரையும் சேர்த்தால் ஒரு ஃபிளாட்டின் கூடம் நிறைந்துவிடும். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்கு இடம் மட்டும் காரணம் அன்று. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட ஆய்விலேயே, சிறு குழந்தைகள் கூடி விளையாடுவதைவிட அருகருகே அமர்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவதே அதிகம் என்று விளக்கியிருக்கிறார். மூன்று வயதில்தான் கூடி விளையாடும் பழக்கம் மெல்ல அரும்பத் தொடங்குகிறது. இருபது குழந்தைகளை ஓர் அறையில் விட்டால் அது அவர்களுக்குக் கூட்டமாகவும் இரைச்சலாகவும்தான் தெரியுமே தவிர, விளையாட்டாகத் தெரியாது.

நேரத்தை அவளுடைய மதியத் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்று மணி வாக்கில் எழுந்திருப்பாள் என்றால், நாலரை மணிக்குத் தொடங்கி ஆறு, ஆறேகால் மணிக்குள் முடித்துவிடலாம். ஏழு மணிக்கு அழைத்து எட்டரைக்குக் கேக் வெட்டுவது பெரியவர்களின் வசதி. அந்த நேரத்தில் மூன்று வயதுக் குழந்தை பசியும் தூக்கமும் ஒருசேர வந்து சிணுங்கிக்கொண்டுதான் இருக்கும். முடியும் நேரத்தை அழைப்பில் குறிப்பிடுவது நம்மிடம் வழக்கமில்லை, மரியாதையாகவும் இருக்காது. அதற்கு வேறு வழி உண்டு. ஐந்தரை மணிக்கெல்லாம் டிபனைப் பரிமாறிவிட்டு, ஆறு மணிக்கு ரிட்டர்ன் கிஃப்டை வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு கையில் கொடுத்தால் யாரும் சொல்லாமலே விருந்தினர் எழுந்துவிடுவார்கள்.

அடுத்து உங்கள் கணவர் பார்த்துவைத்திருக்கும் பேக்கேஜ். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பகுதியை அவரும் படித்தால் நல்லது. ஸ்னோ ஸ்பிரே டப்பாவிலிருந்து நுரையை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும்தான். நம் சமையல் சிலிண்டரில் இருப்பவையும் அவையே. எரியும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அதைப் பீய்ச்சினால் ஒரு நொடியில் தீப்பற்றும். நைலான் வலையை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த ஃபிராக்கைக் குழந்தை அணிந்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஸ்பிரே வேண்டவே வேண்டாம், உடையும் பருத்தியாகவே இருக்கட்டும். மே மாத வெக்கைக்கும் அதுதான் ஏற்றது. கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும் பலூன்களில் ஹீலியத்துக்குப் பதிலாக விலை மலிவான ஹைட்ரஜனை நிரப்பி விற்பதுண்டு. ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றி வெடிக்கும் வாயு என்பதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மின்னும் எல்இடி பலூன்களுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உட்சுவரைப் புண்ணாக்கி அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

சாதாரண ரப்பர் பலூன்கூட நாம் நினைப்பதுபோல் தீங்கற்றது அன்று. வெடித்த பலூனின் துண்டை வாயில் வைத்து உறிஞ்சுவது குழந்தைகளுக்குப் பிடித்த வேலை. அந்த மெல்லிய ரப்பர் தொண்டைக்குள் போனால் மூச்சுவழியின் வடிவத்துக்கே படிந்து முழுவதுமாக அடைத்துவிடும்; வெளியே எடுப்பதும் கடினம். வளைவு வைத்தே தீர வேண்டும் என்றால் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒன்று வெடித்தாலும் துண்டுகளை அந்த நிமிடமே பொறுக்கிவிட வேண்டும். என்னைக் கேட்டால் மாவிலைத் தோரணமும், செவ்வந்திச் சரமும், வண்ணக் காகிதக் கொடிகளும் போதும் என்பேன். சத்தத்துக்கு ஒருமுறை மிரண்ட குழந்தைக்குப் பலூன் இல்லாத கூடம் நிம்மதியாகவும் இருக்கும்.

பஞ்சு மிட்டாயைப் பொறுத்தவரை, துணிச்சாயமாகப் பயன்படும் ரோடமைன்-பி அதில் கலந்திருப்பது ஆய்வகச் சோதனையில் தெரியவந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்கே தடை விதித்தது. சில இடங்களில் புகை கக்கும் ஸ்மோக் பிஸ்கட்டையும் இதுபோன்ற பேக்கேஜில் சேர்க்கிறார்கள். அது திரவ நைட்ரஜன்; முழுவதும் ஆவியாகும் முன் வாயில் போட்டால் வாயும் உணவுக்குழாயும் உறைந்து வெந்துபோகும். பாப்கார்னை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சாப்பாட்டுப் பட்டியலையே இதுதான் முடிவு செய்யும். கடினமான பண்டத்தை நன்றாக அரைத்து விழுங்கும் திறன் இந்த வயதில் முழுமையாக வந்திருப்பதில்லை; மூச்சுக்குழாயும் மிகக் குறுகலானது. இதில் வாயில் எதையாவது வைத்துக்கொண்டே சிரிப்பார்கள், ஓடுவார்கள். வேர்க்கடலை, முழு முந்திரி, பாதாம், கொண்டைக்கடலைச் சுண்டல், பாப்கார்ன், கெட்டி மிட்டாய், குட்டிக் கப்பில் வரும் ஜெல்லி ஆகியவை எனக்கு மிகவும் அச்சம் தருபவை. பாயசத்திலும் கேசரியிலும் நெய்யில் வறுத்த முந்திரியை முழுதாகப் போடுவது நம் வழக்கம். பெரியவர்களுக்கு அது ருசி. அன்று மாலை மட்டும் வறுத்த முந்திரியை மிக்ஸியில் பொடித்துச் சேருங்கள், உலர்திராட்சையை விட்டுவிடுங்கள். பச்சைத் திராட்சை வைத்தால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். மே மாதம் என்பதால் நுங்கு வாங்கத் தோன்றும்; வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும் என்பதால், அதையும் நன்றாக மசித்து இளநீரில் கலந்து கொடுங்கள்.

மற்றபடி குழந்தைகளின் தட்டுக்கு மினி இட்லி, நெய் தோசைத் துண்டுகள், இடியாப்பம், காரம் இல்லாத தக்காளி சாதம், தயிர் சாதம், வாழைப்பழம், தர்பூசணித் துண்டு ஆகியவையே தாராளம். புதிய பண்டங்களைச் செய்து அசத்த வேண்டியதில்லை. பழகிய உணவைத்தான் குழந்தைகள் கூட்டத்திலும் சாப்பிடுவார்கள். அழைக்கும்போதே ஒவ்வொரு தாயிடமும் பிள்ளைக்கு ஒவ்வாத உணவு ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு இனிப்பு சற்று கூடிவிட்டால் குழந்தை அடங்காமல் ஆடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். சர்க்கரைக்கும் குழந்தையின் நடத்தைக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரை, அப்படி ஒரு விளைவு தென்படவில்லை என்றே முடித்தது. பல்லுக்கும் உடல் எடைக்கும் சர்க்கரை கெடுதல்தான். ஆனால் பிறந்தநாள் ஆட்டத்துக்குக் காரணம் கூட்டமும் குதூகலமும்.

வெயில் காலத்தில் கெட்டுப்போகும் உணவைப் பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும். பால், கிரீம், முட்டை, இறைச்சி சேர்ந்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறையின் வெப்பம் 32 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கிரீம் கேக்கை விருந்தினர் பார்க்கட்டும் என்று மாலை முழுவதும் மேசையில் வைக்காமல், வெட்டும் நேரத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள். சாண்ட்விச்சுக்கு மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததே கிருமித் தொற்றுக்கு அஞ்சித்தான்.

தொண்டையில் எதுவும் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அன்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பலமாக இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தால் காற்று போய் வருகிறது என்று பொருள். முதுகைத் தட்டாமல் இருமவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். குரலும் இருமலும் வராமல் முகம் நீலம் பாய்ந்தால் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதைக் கடந்த குழந்தையை முன்புறமாகக் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். விருந்தினரின் கைக்குழந்தையாக இருந்தால் வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்குமாறு முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி மார்பின் நடுவில் ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும்.

வீட்டைத் தயார் செய்யும்போது உங்கள் மகளின் உயரத்துக்கு மண்டியிட்டு ஒரு சுற்று சுற்றிவாருங்கள். பால்கனிச் சுவரை ஒட்டி நாற்காலி, பூந்தொட்டி, சலவை இயந்திரம் எது இருந்தாலும் அது குழந்தைக்கு ஏணி. இரண்டாம் மாடி என்பதால் முதலில் அதைக் கவனியுங்கள். குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், வாயிற்கதவின் மேல்தாழ்ப்பாளைப் போடச் சொல்லுங்கள். சாம்பார்ப் பாத்திரத்தையும் காபி டபராக்களையும் தரையிலோ, இழுத்தால் சரியும் மேசைவிரிப்பின் மேலோ வைக்கக் கூடாது. சுட்டுக்கொண்டால் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மஞ்சள், மை எதையும் தடவ வேண்டாம்.

பெரும்பாலோர் நினைத்தும் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் கைப்பைகளை உங்கள் படுக்கையறைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார்கள். பாட்டிகளின் பைக்குள் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். பைகளை எல்லாம் வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைப்பது அன்று யாராவது ஒருவரின் வேலையாக இருக்கட்டும். அதேபோல் குழந்தைகளைக் கண்காணிக்கும் வேலையையும் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். உங்கள் கணவர் அரைமணி நேரம், தங்கை அரைமணி நேரம் என்று முறை வைத்து, முறையில் இருப்பவர் கைப்பேசியையும் பரிமாறும் வேலையையும் தொடாமல் இருந்தால் நல்லது. எல்லோரும் இருக்கிறார்களே என்று விட்டுவிடும் நேரத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன.

மெழுகுவர்த்தி விஷயத்தில் நான் உங்கள் மாமியாரின் பக்கம். 2017இல் அமெரிக்காவின் கிளம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஊதி அணைத்ததும் கேக் மேற்பூச்சில் இருந்த பாக்டீரியாவின் அளவு சராசரியாகப் பதினான்கு மடங்கு கூடியிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை என்றாலும், சளி பிடித்த குழந்தை ஊதிய கேக்கை மற்றவர்களுக்குக் கொடுப்பது உசிதமில்லை. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, விளக்கை உயரத்தில் வைத்துவிட்டுக் கேக்கை வெட்டலாம். மகள் உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கட்டும், எல்லோரும் தாழ்ந்த குரலில் பாடட்டும், கைதட்டலும் மெதுவாகவே இருக்கட்டும். முந்தைய நாள் அவளுடைய பொம்மைக்கு ஒரு வாழைப்பழத்தை வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடிக் காட்டினால், மறுநாள் நடப்பது எதுவும் அவளுக்குப் புதிதாக இருக்காது. அப்படியும் வெட்ட மாட்டேன் என்றால் நீங்களே வெட்டிவிடுங்கள். படத்துக்காகக் கையைப் பிடித்து இழுத்துக் கத்தியைக் கொடுப்பதும், கேக்கை முகத்தில் பூசுவதும் கூடவே கூடாது.

விளையாட்டுக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. தோற்றவரை வெளியே அனுப்பும் மியூசிக்கல் சேர் இந்த வயதுக்குப் பொருந்தாது. ஏன் வெளியேற்றப்பட்டோம் என்பது புரியாமல் அழுவார்கள். சோப்புக் குமிழி ஊதுவது, மஞ்சளும் பீட்ரூட் சாறும் சேர்த்துப் பிசைந்த கோதுமை மாவை உருட்டுவது, தரையில் சாக்பீஸால் கோலம் கிறுக்குவது என்று மூன்று மூலைகளில் மூன்றை வைத்துவிட்டால் அவரவருக்குப் பிடித்த இடத்துக்குப் போய்க்கொள்வார்கள். விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தை வீட்டுப் பெரிய பிள்ளைகளைக் குமிழி ஊதச் சொன்னால் அவர்களுக்கும் பொறுப்பு வரும்.

பரிசுகளை அனைவர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டாம். பிரித்த பொம்மையைப் பகிர்ந்துகொள் என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்வது நியாயமில்லை. மறுநாள் நீங்கள் முதலில் பிரித்து, பொத்தான் பேட்டரி, காந்த உருண்டை, கழன்று வரும் சிறு பாகம் இருப்பவற்றை எடுத்துவைத்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ரிட்டர்ன் கிஃப்டுக்குச் சென்னை தூலிகா பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவை வெளியிடும் தமிழ்ப் படக்கதைப் புத்தகங்களில் ஒன்றும், ஒரு பெட்டி கிரையானும் போதுமானவை. கடலை மிட்டாய், கோலிக்குண்டு, விசில் போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

விருந்து முடிந்த பிறகும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். சாப்பிடும்போது யாரோ ஒரு குழந்தைக்குத் திடீரென்று புரையேறிப் பலமாக இருமல் வந்து, சிறிது நேரத்தில் தானே அடங்கியிருக்கும். எல்லோரும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். கடலைத் துண்டு நுரையீரல் கிளைக்குழாயில் தங்கிவிட்டாலும் இருமல் அப்படி அடங்குவதுண்டு. சில நாட்கள் கழித்து வீசிங், காய்ச்சல், மருந்துக்குக் கட்டுப்படாத இருமல் என்று வெளிப்படும். சாதாரணச் சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் நாட்கள்தான் வீணாகும். அன்று அப்படி ஏதாவது நடந்திருந்தால், அந்தக் குழந்தையின் தாயிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்; மருத்துவரிடம் போகும்போது சாப்பிடுகையில் புரையேறியதைக் கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கு என் அன்பான பிறந்தநாள் வாழ்த்துகள்.